ஞானம்மா மிஸ்ஸி தாயான விதம்

மரண அறிவித்தல் எழுதுவதில் எனக்கு ஓரளவு பெயர் உண்டு. எங்கள் தோட்டத்திலும் பலாபத்வலைக் கடைத்தெருவிலும் யாராவது கண்ணை மூடினால், அழுகை சற்று ஓய்ந்ததும் என்னிடம் ஆள் வரும். நான் மருந்து கொடுத்த காலத்தில் வந்தவர்களைவிட, ஓய்வு பெற்ற பின் அறிவித்தலுக்கு வருகிறவர்கள் கூடுதல் திருப்தியோடு திரும்பிப் போகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒன்று கைவந்தால் போதும்.

சென்ற மாதம் ஞானம்மா மிஸ்ஸிக்கும் நான்தான் எழுதினேன். எங்கள் பக்கத்தில் தாதிமார் எல்லோரும் மிஸ்ஸிதான். ஆனால் பெயர் சொல்லாமல் வெறும் மிஸ்ஸி என்றால் அது ஞானம்மா ஒருவர்தான். மாத்தளைத் தபாற்கந்தோரிலிருந்து கொழும்புப் பத்திரிகைக்குப் போன் எடுத்து, எழுதியதை வாசித்தேன். மறுமுனையில் இருந்தவர் அனுபவஸ்தர்.

"கணவர் பேரை விட்டுட்டீங்க ஐயா."

"விடலைங்க. இல்லை."

"சரி, காலஞ்சென்றவர்னு போடுவமா?"

"அப்படி ஒருத்தர் வரவே இல்லைங்க, போறதுக்கு."

அவர் தான் எழுதியதை மறுபடி வாசித்துப் பார்த்தார்.

"பாக்கியத்தின் பாசமிகு தாயாரும்னு சொன்னீங்களே? மூணு பிள்ளைகளுக்குப் பாட்டியும்னு வேற இருக்கே?"

"ஆமா."

"ஐயா, இது பேப்பருங்க," என்றார் மெதுவாக, நான் மறந்துவிட்டேனோ என்ற கவலையில்.

"உள்ளதைத்தான் சொல்லியிருக்கேன். போடுங்க."

போட்டார்கள். அதைப் படித்துவிட்டு, மாத்தளை ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறும் பெண்பிள்ளைகள் இருவர் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்தார்கள். "கல்யாணம் கட்டாத மிஸ்ஸிக்கு மகள் எப்படிங்க ஐயா?" என்று கேட்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, மற்றவள் அவளைக் கிள்ளினாள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்திரிகை அறிவித்தலில் சொல்லுக்குச் சொல் காசு. இங்கே அந்தத் தொந்தரவு இல்லை.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருடங்கள் கழிந்த காலம். கொழும்பில் மருந்து கலக்கப் படித்து, இரண்டு கால்சட்டைகளோடும் ஒரு பெட்டி நாவல்களோடும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டிஸ்பென்சராக வந்து சேர்ந்தேன். படித்த கதையை நீட்டுவதில் பயனில்லை. படித்துக்கொண்டிருந்தபோதே நான் அதை நீட்டிவிட்டேன். தோட்டத்துச் சனங்கள் என்னை "டாக்டர் ஐயா" என்றார்கள். முதல் வாரம் முழுக்க அதைத் திருத்தினேன். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் முகம் சுருங்கியது.

கடுதாசியின்படி ஆஸ்பத்திரிக்கு நான் தலைவர். மிஸ்ஸி எனக்குக் கீழே. ஆகவே என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் எனக்குக் கீழே இருந்த ஒருவரின் உத்தரவுப்படி நடந்தேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மாத்தளை டவுன் பிறப்பு. மெலிந்த உடம்பு, நெடிய கழுத்து, வெயிலிலும் மழையிலும் ஒரே கறுப்புக் குடை. ஆட்கள் முன்னால் என்னை "டாக்டர் ஐயா" என்பார். தனியே இருந்தால் "தம்பி." அவர் வாயிலிருந்து "தம்பி" என்ற சொல் வந்ததும் எதில் பிழைவிட்டேன் என்று தேடத் தொடங்குவேன். மரியாதை டாக்டர் ஐயாவுக்கு, ஏச்சு தம்பிக்கு.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் மணிக்கூடு ஒன்று இருந்தது, அவர் அதை நம்புவதில்லை. ஊசியைக் கொதிக்கப் போடும்போது கோப்பையில் தனக்குப் பிளேன்டி ஊற்றி ஜன்னல் கட்டில் வைப்பார். தேநீர் வாய்க்குப் பதமாக ஆறும்வரை ஊசி கொதிக்கும். நான் ஒருநாள் அவசரப்பட்டு ஊசியை எடுக்கப் போனேன். "தம்பி, என் தேத்தண்ணி இன்னும் சுடுது," என்றார். கையை எடுத்துக்கொண்டேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நோயாளி பார்க்கப் போனால் நேரே நோயாளியிடம் போகமாட்டார். முதலில் தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்ப்பார். பிறகு அடுப்பு. பிறகு வாசற்படிக்கு வெளியே கழிவுநீர்க் கான் ஓடும் இடம். அதற்குள் நோயாளி தனக்கு ஒன்றுமில்லை என்று எழுந்து உட்கார்ந்திருப்பான். எழுந்து உட்காராதவனுக்குத்தான் நோய் என்பது அவர் கணக்கு.

இனி அந்தப் பிள்ளை.

சரசு என்று ஒரு கொழுந்தெடுக்கும் பெண். தலைப்பிரசவம். பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. தேயிலை ஏற்றுகிற லொறியில் மெத்தை போட்டு மாத்தளை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மிஸ்ஸி கூடவே போனார். அதே லொறியில் திரும்பியும் வந்தார். மெத்தையில் சரசுவின் முகத்தைத் துணி மூடியிருந்தது.

புருஷன் ராமையா நல்லவன்தான், ஆனால் துக்கத்தில் உடைந்துபோனான். மிஸ்ஸி பிள்ளையைத் துணியில் சுற்றி நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு வேணாம் மிஸ்ஸி. இதுவும் அவ கூடவே போயிரட்டும்."

"இது போறதா இல்லையான்னு நீ சொல்ல ஏலாது ராமையா. புடி."

அவன் பிடிக்கவில்லை. அடுத்த கிழமை வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான், பிறகு அங்கேயே கல்யாணமும் கட்டினான். அவனுடைய தாய், தாயை முழுங்கிய பிள்ளையைத் தொடமாட்டேன் என்று லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளை எங்களிடம் மிஞ்சியது. மெலிந்த மரவள்ளிக் கிழங்கு ஒன்றுக்குக் கண்ணும் வாயும் வைத்த மாதிரி இருந்தது.

டின் பாலைக் கரைத்துச் சங்கில் ஊற்றிப் பார்த்தோம். கலவையின் அளவை என் தடித்த புத்தகத்தில் பார்த்து நான் சொன்னேன், மிஸ்ஸி கரைத்தார். வயிற்றோட்டம் பிடித்தது. ஆட்டுப்பாலில் தண்ணீர் சேர்த்துப் பார்த்தோம். அதுவும் தங்கவில்லை. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

மிஸ்ஸி குடையை எடுத்தார். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தார்.

மலையில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளைக் காலையில் விட்டுப்போகும் இடம் அது. ஒரு பெரிய அறை, வரிசையாகத் தொங்கும் ஏணைகள், ஒரு ஆயா. பத்து மணிபோல் தாய்மார் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிப் போவார்கள். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி நடுவில் போய் நின்றார்.

"இதுக்கு ஒரு வாய் யாரு குடுக்கிறீங்க?"

தாய்மார் தத்தம் பிள்ளைகளைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "செத்தவ பிள்ளைக்குக் குடுத்தா நம்ம பாலும் வத்திப் போகும்னு சொல்லுவாங்க மிஸ்ஸி," என்றாள்.

"வத்தினா எங்கிட்ட வா. குரக்கன் கஞ்சி காய்ச்சி ஊத்தி ஊற வைக்கிறது என் பொறுப்பு."

அந்தச் சமயத்தில் பிள்ளை, எங்கிருந்தோ சக்தியை இரவல் வாங்கி, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. பேச்சாயி என்று ஒருத்தி. தோட்டத்திலேயே வாய் நீண்டவள், கங்காணிமாரே ஒதுங்கிப் போவார்கள். தன் மகனை ஒரு பக்கம் போட்டிருந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட, குடுங்க இங்க! அது கத்துறதைக் கேட்டாலே எனக்குத் தானா ஊறி ரவிக்கை நனையுது. நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க!"

பிள்ளை குடித்தது. மிஸ்ஸி மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, ஆயாவை ஏசினார், ஏணைத் துணி அழுக்காம்.

பேச்சாயி ஒருத்தியால் இரண்டு பிள்ளைகளைத் தாங்க முடியாது. ஆகவே முறை வைத்தார் மிஸ்ஸி. காலையில் ஒருத்தி, பத்து மணிக்கு ஒருத்தி, பகலில் ஒருத்தி, பொழுது சாய்ந்தால் மறுபடி பேச்சாயி. குடிக்கக் கொடுக்கிறவளுக்கு முதலில் ஒரு கோப்பை கஞ்சி. ஞாயிறுதான் சிக்கல். அன்றைக்குத் தோட்டமே மாத்தளைச் சந்தைக்கும் கோயிலுக்கும் இறங்கிவிடும். தோட்டத்து அடியில் கடை வைத்திருந்த நானாவின் மனைவி பாத்தும்மா இதைக் கேள்விப்பட்டு, தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம எனக்கு மிஸ்ஸி. ஆனா ஒண்டு செல்லிட்டேன். பால் குடுத்தா இவ என்ட மகள். எங்கட மார்க்கத்தில என்ட மகனுக்கு இவ தங்கச்சி. நாளைக்கிக் கலியாணம் பேசிக்கிட்டு வரப் படாது."

இடுப்பிலிருந்த மாப்பிள்ளை அப்போது தன் கால் பெருவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான். வரமாட்டோம் என்று மிஸ்ஸி வாக்குக் கொடுத்தார்.

இப்படியே போயிருந்தால் இதில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மலை ஏறினால் சுணங்கும். சுணங்கியவர்களுக்குக் கணக்கப்பிள்ளை, செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப்பதிவில் அரைப்பேர் போட்டார், அதாவது பாதிநாள் சம்பளம். இரண்டு பெண்கள் மிஸ்ஸியிடம் வந்து தரையைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களும் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. மிஸ்ஸி அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை விஷயத்தைப் பெரிய துரைவரை கொண்டுபோயிருந்தார். துரை எங்களைக் கந்தோருக்கு அழைத்தார்.

"நீங்கதான் தலைவர். முன்னால போங்க, டாக்டர் ஐயா," என்றார் மிஸ்ஸி. நான் முன்னால் போனேன். பேசுவதற்காக அல்ல, கதவைத் திறந்துவிடுவதற்காக.

துரை ஸ்கொட்லாந்துக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சட்டம் எதுவோ அதைச் செய்வார், சட்டத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது அவர் எண்ணம். தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர். அவருக்குத் தெரிந்த வினைச்சொற்கள் எல்லாம் ஏவல். பேசும்போது பென்சிலை மேசையில் நேராக அடுக்கிவைப்பார், நாம் பேசும்போது அதைக் கோணலாக்கிவிட்டு மறுபடி நேராக்குவார்.

"பிள்ளைக்காம்பரா தோட்டத்துத் தாய் பிள்ளைக்கு. இந்தப் பிள்ளை தாய் செக்ரோல்ல இல்லை. தகப்பன் இல்லை. பிள்ளையைக் கண்டி அநாதை மடத்துக்கு அனுப்பு."

"கண்டி வரைக்கும் இது தாங்காது துரை."

"சட்டம், மிஸ்ஸி. செக்ரோல்ல தாய் காட்டு. பிள்ளை இருக்கட்டும்."

"தாய் இருக்கா துரை."

"எங்கே?"

"முன்னால நிக்கிறா. சம்பளமும் உங்க கையாலதான் வாங்குறா. இது என் பிள்ளை. எழுதிக்குங்க."

பக்கத்து மேசையில் கிளாக்கரின் பேனா நின்றது. வெளியே கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரின் மூச்சும் நின்றிருக்கும். கல்யாணம் கட்டாத ஒரு பெண் அந்தக் காலத்தில், அந்தக் கந்தோரில், உரக்கச் சொல்கிற வார்த்தையா அது? துரை பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ்ஸி சொன்னார்:

"அவர் பக்கம் பாக்காதீங்க துரை. அவருக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது."

துரையின் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். கிளாக்கரிடம் எழுதச் சொன்னார். ஆனால் சுணங்கினால் அரைப்பேர்தான் என்பதில் மட்டும் இறங்கவில்லை.

"அது சரிதான் துரை," என்றார் மிஸ்ஸி. "அவங்க கீழ வந்தாத்தானே சுணக்கம்? நாங்க மேல போறோம்."

அன்று பகலே செய்தி மாத்தளைக்குப் போய்விட்டது. அங்கே தையற்கடை வைத்திருந்த மிஸ்ஸியின் அண்ணன் மறுநாள் வந்து நின்றார். தபாற்கந்தோரில் வேலைசெய்யும் ஒரு மாப்பிள்ளையை அவர் பேசி, ஏறக்குறைய முடித்திருந்த சமயம்.

"உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுக்குப் போயிருச்சு. நாளைக்கே கொண்டுபோய் மடத்துல விடு."

"சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணே."

"நான் சாப்பிடவா வந்தேன்?"

"பிள்ளை இன்னும் ஒழுங்காப் பால் குடிக்கப் பழகலை. பழகட்டும், யோசிப்பம்."

பிள்ளை பழகியது. மிஸ்ஸி யோசித்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை அதே வருடம் கம்பளையில் பெண் எடுத்தார்.

மேலே போகிறோம் என்றாரே, போனார். எடுத்த கொழுந்தை நிறுப்பதற்குப் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி வரிசையைவிட்டு விலகி உட்கார்ந்தால் யாருக்கும் நட்டமில்லை, அவள் கூடையை அடுத்தவள் தள்ளிக்கொண்டு போவாள். இதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு நிறுவைக்கும் மிஸ்ஸி பிள்ளையோடு மலை ஏறினார். செங்குத்தான குறுக்குப்பாதை. காலில் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் பூசிக்கொள்வார், அப்படியும் ஏறும். இடையில் ஆஸ்பத்திரி வேலை ஒன்றும் குறையவில்லை. நான் ஒருநாள் பிள்ளையை நான் கொண்டுபோகிறேன் என்று வீரமாகச் சொன்னேன். பாதி வழியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன், பிள்ளையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. அதற்குப் பிறகு மிஸ்ஸி என்னைக் கேட்கவில்லை.

"இது கொழுந்து நிறுக்கிற இடமா, ஆஸ்பத்திரியா?" என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார்.

"நீங்க நிறுங்க கணக்கப்பிள்ளை. நாங்க உங்க தராசையா கேட்டோம்?" என்ற மிஸ்ஸி, சற்று யோசித்துவிட்டு, "ஆனா கேட்டா என்ன?" என்றார்.

வெறுங்கூடை ஒன்றில் துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தித் தராசுக் கொக்கியில் மாட்டினார். பாதி எதிர்ப்பும் பாதி ஆவலுமாகக் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். அன்று பிள்ளை பாரமே காட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளை தராசில் ஏறியது. முள் அசைய மறுத்த வாரங்கள் இருந்தன. சளி பிடித்து உள்ளதும் இறங்கிய வாரம் ஒன்று இருந்தது. அப்போது பாலைப் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாகச் சங்கில் புகட்டினார்கள். கொட்டுகிற மழையில் ஒரு கையால் குடை, மறுகையால் பிள்ளை, வாயில் பாதணியின் வாரைக் கடித்துக்கொண்டு மிஸ்ஸி வெறுங்காலோடு ஏறியதைக் குதிரையில் வந்த துரை நின்று பார்த்தாராம். அடுத்த கிழமை, கொழுந்து நனைகிறது என்று சொல்லி அந்த இடத்தில் ஒரு தகரக் கூரை போடச் சொன்னார். கூரையின் கீழே நீளமான ஒரு வாங்கும் போட உத்தரவாகியிருந்தது. கொழுந்து எப்போது வாங்கில் உட்கார்ந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை. பிள்ளை கூடையில் காலை உதைத்தது. முள் நன்றாகவே ஏறியது. கணக்கப்பிள்ளை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், பழக்க தோஷத்தில் உரக்கச் சொன்னார்:

"கூடைக்குக் கழிக்கணும். ஈரத்துக்கும் கழிக்கணும்."

"அடப்பாவி மனுசா!" என்று பேச்சாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க கொழுந்துலதான் தண்ணி கழிச்சு வயித்துல அடிக்கிறீங்க. எங்க பிள்ளையிலுமா கழிப்பீங்க?"

மலை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். ஈரத்துக்குக் கழிக்கவில்லை. என் உத்தியோகக் காலத்தில் அந்த மனிதர் கழிக்காமல் விட்ட ஒரே நிறுவை அதுதான்.

அந்தப் பிள்ளைதான் பாக்கியம். பால் கொடுத்தவர்கள் எல்லோரையும் "அம்மா" என்று கூப்பிட்டு வளர்ந்தாள். பாத்தும்மா மட்டும் "உம்மா." மிஸ்ஸியைத் தோட்டமே மிஸ்ஸி என்றதால் அவளும் மிஸ்ஸி என்றாள். தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும், கணக்கு வராததற்குக் காதைத் திருகியதும் மிஸ்ஸி. "அம்மா" மட்டும் மற்றவர்களுக்குப் போயிற்று. எனக்கு இது பொறுக்கவில்லை.

"உங்களை அம்மான்னு கூப்பிடச் சொல்லலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொல்லிக் கூப்பிட வைக்கிறதுக்கு அது என்ன வாய்ப்பாடா தம்பி?" என்றார். தம்பி என்றதால் நான் மேலே பேசவில்லை. ஆனால் அவர் அன்றைக்குத் தேநீரைக் குடிக்க மறந்ததால் ஊசி வெகுநேரம் கொதித்தது.

பாக்கியத்துக்குக் கல்யாணம் பேசும் காலத்தில்தான் மிஸ்ஸியின் முறைவைப்பு எங்கள் கழுத்தைப் பிடித்தது. தோட்டத்தில் அவள் வயதொத்த பையன்களில் பாதிப்பேர் அவளுக்கு அண்ணன் தம்பி. பேச்சாயியின் மகன் நல்ல பையன், அவனைப் பற்றி யாரோ வாயைத் திறந்தார்கள். "ஒரே நேரத்துல ஆளுக்கொரு பக்கம் குடிச்சதுகளுக்குத் தாலி கட்டி வைக்கச் சொல்றீங்களா?" என்று பேச்சாயி விளக்குமாற்றை எடுத்தாள். கடைசியில் நாவுலவில் கூட்டுறவுக் கடையில் வேலைசெய்யும் ஒருவர் அமைந்தார். பெண் பார்க்க வந்த அவரை யாரும் சம்பளம் கேட்கவில்லை. "அந்த வருசம் உங்க அம்மா எந்தத் தோட்டத்துல இருந்தாங்க?" என்று வரிசையாகக் கேட்டார்கள். மனிதர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். இரத்தினபுரிப் பக்கம் என்று தெரிந்ததும்தான் வடையே கொடுத்தார்கள்.

தலைப்பிரசவத்துக்கு முறைப்படி தாய்வீட்டுக்கு வந்தாள் பாக்கியம். தாய்வீடு என்றால் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு நடந்த வருடம். மிஸ்ஸிக்குத் தலை நரைத்திருந்தது. பிரசவத்துக்கு ஒதுக்கியது சரசுவுக்கு உதிரம் நில்லாமல் போன அதே அறை. நான் லொறியை முன்கூட்டியே சொல்லி, வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். மிஸ்ஸி அதைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலையில் வலி கண்டது. விஷயம் தெரிந்ததும் பேச்சாயியும் பால் கொடுத்த மற்ற ஐந்து பேரும் கொழுந்துக் கூடைகளைப் போட்டது போட்டபடி வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் பாத்தும்மாவும் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டியபடி வந்து சேர்ந்தார். யாருக்கும் அன்றைக்கு அரைப்பேரைப் பற்றிய நினைப்பில்லை. நான் மருந்தறையில் கண்ணாடிப் போத்தல்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

வலி முற்றும்போது எந்தப் பெண்ணும் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். அந்த அறையில் எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மிஸ்ஸி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "அம்மா இப்ப வர மாட்டா, நீ மூச்சை இழு."

உச்சிப்பொழுது போல உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது.

"அம்மா!"

வராந்தாவிலிருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "என்னம்மா!" "இந்தா வாறேன் ஆத்தா!" "என்ட மகளே!" என்று கதவுக்கு ஓடினார்கள். பேச்சாயி கதவைத் தள்ளியே விட்டாள்.

மிஸ்ஸி கதவு நிலையில் வந்து நின்றார். முழங்கை வரை ஈரம். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

"எல்லாரும் இருங்க," என்றார். "அவ கூப்பிட்டது என்னைத்தான்."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் "இருக்கேன்டி, இங்கதான் இருக்கேன்" என்று சொல்வது கேட்டது.

சாத்திய கதவைப் பார்த்தபடி பேச்சாயி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, வாங்கில் தன் இடத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா," என்றாள். "அவங்களைத்தான்."